துறைமுகத்தில் ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள்

"நாளைக்கு வந்துடும்" என்று சொல்வதற்கே சம்பளம் கொடுக்கிற தொழில்கள் சில இருக்கின்றன. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் விற்கிற கம்பெனியில் வாடிக்கையாளர் தொடர்பு பார்ப்பது அதில் ஒன்று. தீபாவளிக்கு முதல் நாள் ஜாக்கெட் கேட்டு வாசலில் நிற்பவர்களைச் சமாளிக்கிற தையற்காரர்கள், சிலிண்டர் ஏஜென்சியில் போன் எடுக்கிறவர்கள், கல்யாண மண்டபத்தில் "சாம்பார் வந்துக்கிட்டே இருக்கு" என்று இலைக்கு இலை ஓடுகிறவர்கள் எல்லாரும் என் பங்காளிகள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் சிரிக்கக் கூடாது.

என் பெயர் கலா. காரைக்காலில் எங்கள் கம்பெனிக்கு இருப்பது ஷோரூம் இல்லை, செருப்புக்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. அங்கே கார் கிடையாது. சுவர் முழுக்கக் காரின் படம் இருக்கிறது. தினமும் சுரக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து அந்தப் படத்துக்குக் கீழே உட்காருவேன். என் ஆயுசு பூராவும் சம்பாதித்தாலும் அதில் ஒரு கதவுகூட வாங்க முடியாது. அதை முழுசாக வாங்கியவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். பொறாமையாக இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடும். டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற உரக்கடையின் வேனில் ஓட்டிப் பழகியவள். ஆனால் நாங்கள் விற்கிற காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குக் கியர் எங்கே இருக்கிறது என்று நான்தான் சொல்லித் தர வேண்டியிருக்கும்.

இது ஒரு கோடையில் நடந்தது. கப்பலில் வந்த கார்கள் சென்னைப் பக்கம் துறைமுகத்தில் இறங்கி யார்டில் நின்றன. அந்த நேரம் பார்த்து ஃபேக்டரியிலிருந்து ஒரு தகவல் வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா படம் திடீரென்று அணைந்துபோகிறது; காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் புது அப்டேட் ஏற்றாமல் ஒரு வண்டியும் யார்டை விட்டு நகரக் கூடாது; ஏற்றுவதற்கு ஃபேக்டரி இன்ஜினியர் நேரில் வருவார். எப்போது வருவார் என்று கேட்டேன். வரும்போது வருவார் என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

புது போட்டும் பழைய போட்டும்

முதலில் படியேறி வந்தவர் காரைக்கால்மேடு வீரமணி. சொந்தமாக விசைப்படகுகள் வைத்திருப்பவர். சிவப்புக் கார் அவருடையது. மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. வேறு வேலை இல்லாததால் காலை டிபனை முடித்துவிட்டு எங்கள் ஆபீசுக்கு வருவதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டார். தடை முடிவதற்குள் கார் கைக்கு வந்துவிட வேண்டும், அப்புறம் படகுகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டால் தனக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பது அவர் கணக்கு.

நான் அப்டேட்டைப் பற்றி விளக்கினேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்வோம் என்று, "தடைக்காலத்துல நீங்க போட்டை மேல ஏத்தி மராமத்துப் பாக்குறீங்கல்ல, அந்த மாதிரிதாங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. முகம் மாறிவிட்டது. அவர் ஊரில் கடலைப் பார்க்காத படகுக்கு யாரும் மராமத்து பார்ப்பதில்லை. தன் தலையில் யாரோ ஓட்டிய வண்டியைக் கட்டப் பார்க்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார். ஃபேக்டரி கடிதத்தைக் காட்டினேன், படம் போட்டுக் காட்டினேன், சாமி மேல் சத்தியம் செய்தேன். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"தண்ணியில எறங்காத போட்டை எவனாவது மேல ஏத்தி மராமத்துப் பாப்பானா மேடம்? பாத்தான்னா அது எங்கயோ போயி மோதுன போட்டு."

ஒரே பெஞ்சு

மஞ்சள் கார் சாகுல் பாயுடையது. துபாயில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறார். இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார். லீவு முடிவதற்குள் கார் வர வேண்டும், அதில் மனைவி ரஹ்மத்தை உட்காரவைத்து ஊரைச் சுற்றிவிட்டு விமானம் ஏற வேண்டும் என்பது அவர் திட்டம்.

இந்த இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவர் பேனா வாங்கினால் மற்றவர் இரண்டு பேனா வாங்குவார். ஒருவர் வீட்டுக்கு மாடி கட்டினால் மற்றவர் மாடிக்கு மேல் மாடி. ஆனால் ஒருத்தர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் பந்தி பரிமாறாமல் இருந்ததில்லை. வீரமணி சிவப்புக் கார் புக் பண்ணிய சேதி அன்று சாயங்காலமே துபாய்க்குப் போய்விட்டது. மறுநாள் காலை சாகுல் பாய் போனில் கூப்பிட்டு, அதே கார், மஞ்சள் நிறத்தில், அதே கப்பலில் வேண்டும் என்றார். ஊரில் முதலில் யார் வண்டி நுழைகிறது என்பதுதான் அன்றிலிருந்து பேச்சு. கப்பலும் ஒன்று, யார்டும் ஒன்று, அப்டேட்டும் ஒன்று என்று ஆனபிறகு இரண்டு பேருக்கும் என் நம்பர்தான் மிச்சம்.

எனக்கு அவர்களைப் பார்த்தால் எரியும். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இப்போது இருசக்கர வண்டிக்கு டியூ கட்டிக்கொண்டிருக்கிறாள், நானும்தான் கட்டுகிறேன், இதில் யாரை யார் முந்துவது? பெரிய இடத்துப் பொறாமைக்குக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது. சாகுல் பாய் ஊர் வந்து இறங்கிய அன்றே ஆபீசுக்கு வந்து, பேரீச்சம்பழப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எனக்கு எப்ப வருதுன்னு அப்பறமா சொல்லுங்க தங்கச்சி. மொதல்ல அவனுக்கு எப்ப வருதுன்னு சொல்லுங்க."

பெயர்ச்சி

ஒருநாள் வீரமணி தன் மனைவி செல்வியையும் கூட்டி வந்தார். நல்ல மரியாதையான மனுஷி. கழுத்தில் நகை, கையில் காலண்டர். வண்டி வந்ததும் நேராகத் திருநள்ளாறு கொண்டுபோய்ப் பூஜை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் விட வேண்டும், ஐயரிடம் சொல்லிவைக்கணும், அதற்கு ஒரு தேதி வேண்டும் என்றார். தேதி சொல்ல முடியாதுங்க என்றேன். மாதமாவது சொல்லுங்கள் என்றார். அதுவும் முடியாதுங்க என்றேன். இன்ஜினியர் வரணும், அவர் வந்தபிறகு வரிசைப்படி நடக்கணும், அப்புறம் லாரி கிடைக்கணும் என்று அடுக்கினேன். செல்வி பொறுமையாகக் கேட்டார். காலண்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கோபமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்:

"சனீஸ்வரனே எப்ப வர்றாரு எப்ப போறாருன்னு முன்கூட்டியே சொல்லிட்டுத்தாங்க வர்றாரு. ஒங்க காரு அவரைவிடப் பெரிய ஆளுங்களா?"

யார்டிலிருந்து ஒரு போட்டோ

துறைமுக யார்டில் எங்கள் கம்பெனி ஆள் தினேஷ். இளவயசுப் பையன், என்னை அக்கா என்பான். என்னைவிடக் குறைந்த சம்பளம். ஆனால் யார்டில் கார்களை இடம் மாற்றி நிறுத்துவது அவன் வேலை. அதாவது, எல்லாக் காரையும் அவன் ஓட்டுகிறான். வாடிக்கையாளர்கள் மேல் எனக்கு இருந்த பொறாமையை எல்லாம் சேர்த்தாலும் தினேஷ் மேல் இருந்ததற்குப் பக்கத்தில் வராது. பணக்காரன் ஓட்டினால் பணம் கொடுத்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இவன் சும்மா ஓட்டுகிறான். போதாக்குறைக்கு, "அக்கா, ஸ்டார்ட் பண்ணா நெஞ்சு அதிருது" என்று வேறு சொல்வான். போனை வைத்துவிடுவேன்.

இரண்டு பேருடைய நச்சரிப்பு தாங்காமல் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். சிவப்பும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் தூசி படிந்து நின்றன. மஞ்சள் காரின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்ததற்கு அடையாளமும் வைத்திருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆபீசில் இருந்தார்கள். சாகுல் பாய் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை வண்டி இருக்கும்போது தன் வண்டிதானா அதற்குக் கிடைத்தது என்று குமுறினார். வீரமணி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாகுல் பாய் டீ குடிக்கக் கீழே போனபிறகு என்னிடம் வந்து வருத்தமாகச் சொன்னார்:

"திருநள்ளாத்தானுக்கு வருசம் தவறாம எண்ணெ வாங்கிக் குடுக்குறவன் நானு. அவரு வாகனம் பாய் வண்டியிலயா போயி உக்காரணும் மேடம்?"

இரண்டு பெட்டிகள்

கடைசியில் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். சேதி எப்படியோ இருவருக்கும் நான் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் காரியம் நடக்க வேண்டுமானால் துறைமுகத்து ஆட்களைக் குளிர்விக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீரமணிக்குக் கையில் புது மீன் இல்லாத காலம். ஆகவே முதல் தரமான வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து ஒரு பெட்டி கட்டி, சென்னைக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட்டார். சாகுல் பாய் அத்தரும் பாதாமும் அனுப்பினார். இரண்டையும் அனுப்பியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கருவாட்டை இங்கேயே மடக்கியிருப்பேன்; எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட வஞ்சிரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் தினேஷ் கூப்பிட்டான். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் தும்முகிற மாதிரி சத்தம் கேட்டது. என்னடா ஆச்சு என்றேன். சொன்னான்:

"ரெண்டு பெட்டியும் ஒண்ணாத்தான் வந்துச்சுக்கா. இன்ஜினியரு நம்பர் வரிசைப்படிதான் ஏத்துவேன்னு சொல்லிட்டாரு. கருவாட்டை மட்டும் கேட்டுக்கு வெளிய வைக்கச் சொன்னாரு."

படுதாவுக்குள் ஒரு கார்

நம்பர் வரிசையில் சிவப்பு முன்னால் இருந்தது. அப்டேட் ஏறிவிட்டது. மஞ்சளுக்கு ஏற்றும்போது பாதியில் நின்றுபோய், கேமராவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியையே மாற்ற வேண்டும், அது ஃபேக்டரியிலிருந்து வர வேண்டும் என்றாகிவிட்டது. சாகுல் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் லீவு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சிவப்புக் கார் மூடிய லாரியில் வந்து இறங்கியது. மாலை, எலுமிச்சை, திருநள்ளாறு, எல்லாம் நடந்தது. லாரிக்காரரே ஓட்டிக்கொண்டுபோய்ப் பூஜைக்கு நிறுத்தி, வீட்டு வாசலிலும் நிறுத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு வீரமணி அதைத் தொடவில்லை. படகுக்குப் போடுகிற நீலப் படுதாவால் மூடிக் கயிறு கட்டிவிட்டார். நான்கைந்து நாள் கழித்து, வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறாரா என்று விசாரிக்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். படுதா அப்படியே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கிடைத்தவன் ஓட்ட வேண்டாமா?

கேட்டதற்கு அவர் நிதானமாக விளக்கினார். தடை முடிகிற அன்றைக்கு அவர்கள் ஊரில் ஒரு படகு மட்டும் முன்னால் போகக் கூடாதாம். எல்லாரும் ஒரே நேரத்தில்தான் கிளம்ப வேண்டும், அது ஊர்க் கட்டுப்பாடு. முந்திப் போனவன் அள்ளி வந்த மீனை யாரும் மதிக்க மாட்டார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் சிநேகிதம் சிநேகிதம்தான், மனுஷன் சாகுல் பாய்க்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவன் வண்டி வராம நான் ஓட்டுனா, 'என் வண்டி வந்திருந்தா நாந்தான் மொதல்ல'ன்னு காலம் பூரா பேசுவான். பக்கத்துல ஓடவிட்டுத்தான் மேடம் ஜெயிக்கணும்."

லீவு

சாகுல் பாய் லீவை ஒருமுறை நீட்டினார். துபாயில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பங்குதாரர் ஊருக்குப் போக வேண்டிய முறை வந்துவிட்டதால் இரண்டாவது முறை நீட்ட முடியவில்லை. கிளம்புகிற அன்று மத்தியானம் ஆபீசுக்கு வந்தார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. சுவரில் இருந்த கார் படத்தின் முன்னால் நின்று பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையமர்த்திவிட்டார். போன லீவில் கட்டிய மாடியில் தான் தூங்கியது கொஞ்ச நாள்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு சரியாக வரவில்லை.

போகும்போது வீரமணி வீட்டுப் பக்கம் போய்ச் சொல்லிக்கொண்டு போவீர்களா என்று கேட்டேன். அங்கே போனால் படுதாவைப் பார்க்க வேண்டிவரும் என்று நினைத்தாரோ என்னவோ, நேரமில்லை என்றார். படியில் இரண்டு அடி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"அவன் கேட்டான்னா, கடையில அவசர வேலைன்னு போயிட்டாருன்னு சொல்லுங்க தங்கச்சி. காரு வராம போனேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

துறைமுகத்து மேட்டில்

மஞ்சள் கார் வந்தபோது தடைக்காலமும் முடிந்திருந்தது. வீரமணியின் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. சாகுல் பாய் வீட்டில் காரை வாங்கிக்கொள்ள ரஹ்மத் மட்டும்தான் இருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டாவிட்டால் பேட்டரி படுத்துவிடும் என்று சொன்னேன். தொழிலில் நான் சொன்ன முழு உண்மைகளில் அது ஒன்று. துபாயிலிருந்து சாகுல் பாய் போனில் சொல்லிவிட்டார்: கலாவே வந்து ஓட்டட்டும், ரஹ்மத் பக்கத்தில் உட்காரட்டும்.

முதல் தடவை ஓட்டியதை எப்படி எழுதுவது? தினேஷ் சொன்னது நிஜம்தான், நெஞ்சு அதிர்ந்தது. அவனை மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உரசிவிடுமோ என்று என் அடிவயிறு பதறியது. கடற்கரைச் சாலையில் ஒரு நீளம் போய்விட்டு, எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகம் பக்கம் திரும்பினேன். வீரமணி அங்கே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் போனும் கையுமாக நின்றிருந்தார். வண்டி வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியை இறக்கினேன். அவர் பார்வை மஞ்சள் கதவிலிருந்து ஸ்டீயரிங்குக்கு வந்து, அதன் மேல் இருந்த என் கைக்கு வந்து நின்றது. உங்க வண்டியை எப்போதுதான் எடுப்பீர்கள் என்றேன். சாகுல் அடுத்த லீவுக்கு வரட்டும் என்றார். என்னைப் பார்த்து ஒரு மனுஷன் பொறாமைப்படுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. அவர் ஜன்னலில் குனிந்து சொன்னார்:

"காசு போட்டது நாங்க ரெண்டு பேரு. மொதல்ல ஓட்டுனது நீங்க. நல்லா இருக்கு மேடம் ஒங்க தொழிலு."

வாசலில்

அந்த ருசி வாயில் இருக்கும்போதே ரஹ்மத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டேன். வண்டியை நிறுத்தியபிறகும் அவர் இறங்கவில்லை. துபாயிலிருந்து வீடியோ கால் வந்தது. சாகுல் பாய் காரைச் சுற்றிக் காட்டச் சொன்னார். ரஹ்மத் இறங்கிச் சுற்றிவந்து காட்டினார். சத்தம் கேட்க வேண்டும் என்றார். நான் என்ஜினைப் போட்டேன், ரஹ்மத் போனை பானெட் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள், வைத்துவிட்டார்.

ரஹ்மத் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குளிர்ந்த தோல் சீட்டு, உள்ளே புதுச் சாமான் வாசனை. எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஸ்கூட்டி ஆபீசில் நின்றது. கிளம்பறேங்க என்றேன். சுரக்குடிக்குத்தானே என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் உங்க வீட்டுக்காரர் இருப்பாரா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உரக்கடையிலிருந்து வந்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு, காலையில் வைத்த ரசத்தில் புளி ஜாஸ்தி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருப்பார், வேறெங்கே போகப் போகிறார் என்றேன். ரஹ்மத் சிரிக்கவில்லை. சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அதையே பார்த்தபடி சொன்னார்:

"தெனமுமா இருப்பாங்க? குடுத்துவச்சவங்கக்கா நீங்க."

பங்காளிகளே, எங்கள் தொழிலில் கார்தான் தாமதமாக வரும், வயிற்றெரிச்சல் ஒருநாளும் யார் வீட்டுக்கும் தாமதமாக வந்ததில்லை.